பதிவு இலக்கம் இல்லாதவள்

மேல்பிரிவு லயம்,
மஸ்கெலியா.
2025 பெப்ரவரி 9

நிலக்ஷிக்கு,

'அன்புள்ள' என்றுதான் எழுதத் தொடங்கினேன். கிழித்துப் போட்டுவிட்டு வேறு தாள் எடுத்தேன்.

இன்று காலை பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு நின்றபோது வீரம்மாக்கா ஒரு பேப்பரைக் கொண்டுவந்து நீட்டினார். டவுனில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் பழனியாண்டி முதலாளி அதில் பொன்னாடையோடு நிற்கிறார். கையில் இருப்பது என்னுடைய இடுப்புத் தாங்கி. கீழே, 'கொழுந்து பறிக்கும் பெண்களின் கழுத்து வலிக்குத் தீர்வு கண்ட மலையகப் புத்தாக்குநர்' என்று போட்டிருக்கிறது. அரசாங்கத்தின் புத்தாக்க உதவித் திட்டத்தில் மாவட்டத்திலேயே முதலிடமாம்.

"ஏண்டி, இந்த மனுசன் என்னைக்குடி கூடை தூக்குனாரு?" என்று வீரம்மாக்கா கேட்டார். பீலியடியில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு குடத்தை நிரப்பாமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அந்தச் சாமானை எப்படிச் செய்தேன் என்று உனக்குத் தெரியும். தலையில் கயிறு போட்டுப் பத்துப் பன்னிரண்டு கிலோ கொழுந்தை இழுத்துக்கொண்டு மலையில் நிற்கிறோம். அந்தப் பாரத்தை எப்படியாவது இடுப்புக்கு இறக்க வேண்டும் என்று ஒன்றரை வருடம் மண்டையை உடைத்துக்கொண்டேன். உடைந்த பிளாஸ்டிக் கதிரையின் முதுகை வெட்டினேன். டிக்கோயா கராஜில் பழைய வேன் ஒன்றின் சீட் பெல்ட்டுகளை வாங்கினேன். முதல் ஏழும் சரிவரவில்லை. மூன்றாவது வீரம்மாக்காவின் இடுப்பைப் புண்ணாக்கியது. எட்டாவதைப் போட்டுக்கொண்டு சாயங்காலம் மலையிலிருந்து இறங்கி வந்தவர், "அடியே, எனக்குக் கழுத்து புதுசா மொளைச்சிருக்குடி" என்றார்.

விண்ணப்பத்தை நிரப்பியவள் நீ. என் காம்பராவில், என் கட்டிலில் உட்கார்ந்து, என் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு நிரப்பினாய். அந்தத் திட்டத்தை நடத்துகிற அலுவலகத்தில் வேலை பார்ப்பவளும் நீதான். அப்படியிருக்க, என் பெயர் எப்படிப் பழனியாண்டி ஆனது?

கோல் எடுக்காதே, நான் பேச மாட்டேன். போனில் நீ 'ம்' என்று மட்டும்தான் சொல்வாய். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து அப்படித்தான். எழுது. எழுதும்போதுதான் உனக்கு வாய் வரும். வழக்கம்போல அந்த முதலாளியின் கடை முகவரிக்கு அனுப்பாதே. தோட்ட ஆபீஸ் வழியாகவே வரட்டும், பிந்தினாலும் பரவாயில்லை.

ஜெயந்தினி


கந்தப்பளை,
2025 பெப்ரவரி 23

ஜெயந்தினி,

உன் கடிதம் புதன்கிழமையே வந்துவிட்டது. நான்கு நாட்கள் கைப்பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போய் வந்தேன். பஸ்ஸில் இரண்டு தடவை எடுத்தேன். பிரிக்கத் தைரியம் வரவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். நியாயம் சொல்வதற்காக இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணியோடு விண்ணப்பம் முடிகிறது. உன் பெயர், உன் அடையாள அட்டை, தாங்கியின் படங்கள் எல்லாம் போட்டுவிட்டேன். ஐந்தாம் பக்கத்தில் 'வியாபாரப் பதிவு இலக்கம்' என்று ஒரு கட்டம். பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். அதை நிரப்பாமல் அடுத்த பக்கம் திறக்கவில்லை. உனக்குப் பதிவு இல்லை. பதிவு எடுக்கப் போனால் தொழில் செய்யும் இடத்தின் உரிமையாளரிடம் கடிதம் கேட்கிறார்கள். நீ குடியிருக்கும் லயம் தோட்டத்துக்குச் சொந்தம். நீ மூன்று தடவை தோட்ட ஆபீசுக்குப் போனாய். கொழும்புத் தலைமை ஆபீசில் கேட்க வேண்டும் என்றார் கிளாக்கர். அந்தப் பதில் இன்றைக்கும் வரவில்லை.

நீ அடுப்படியில் இருந்தபோது நான் வெளியே போய்ப் பழனியாண்டி முதலாளிக்குக் கோல் எடுத்தேன். "பதிவு நம்பர் ஒண்ணு வேணுங்க, ஜெயந்தினியோட விண்ணப்பத்துக்கு" என்றேன். சுவரில் மாட்டியிருந்ததைப் பார்த்து வாசித்தார். "போட்டுக்கம்மா, நம்ம புள்ளைங்க முன்னுக்கு வந்தா சரி" என்றார்.

நம் லயத்தில் யாருக்கு முக்கியமான கடிதம் வருவதென்றாலும் அந்தக் கடை முகவரியைத்தானே கொடுப்போம்? தோட்ட ஆபீசுக்குப் போனால் மேசையிலேயே கிடந்துவிடும் என்று. எனக்குப் பல்கலைக்கழகக் கடிதம் வந்ததும் அங்கேதான். இலக்கத்தையும் அப்படித்தான் நினைத்தேன். சும்மா கடன் வாங்குகிற ஒன்று என்று. பதிவு இலக்கம் யாருடையதோ அவர்தான் விண்ணப்பதாரர் என்று கணினி எடுத்துக்கொள்ளும் என்பது எனக்குத் தெரியாது. பட்டம் வாங்கி, அதே அலுவலகத்தில் இரண்டு வருடம் இருந்தும் தெரியவில்லை.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை? சொன்னால் நீ வேண்டாம் என்றிருப்பாய்.

இன்னொன்றும் இருக்கிறது. வேறு யாராவது சொல்லித் தெரிவதைவிட நானே எழுதிவிடுகிறேன். பரிசளிப்பு அன்று வாசல் மேசையில் இருந்தவள் நான். பழனியாண்டியின் சட்டையில் பெயர்ச்சீட்டைக் குத்திவிட்டதும் நான்தான். கொழும்பிலிருந்து வந்த ஒருவர் மேடையில் பேசினார். தோட்டங்களிலிருந்து விண்ணப்பங்கள் மிகக் குறைவாம், அந்த மக்களிடம் தொழில் முனையும் எண்ணம் இன்னும் வளரவில்லையாம். எழுந்து, "ஐயா, ஐந்தாம் பக்கம் திறப்பதில்லை" என்று சொல்ல நினைத்தேன். கையில் தேநீர்க் கோப்பை இருந்தது. அதை எங்கே வைப்பது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் பேசி முடித்துவிட்டார்.

நிலக்ஷி


மேல்பிரிவு லயம்,
2025 மார்ச் 12

நிலக்ஷி,

உன் கோப்பையை வைக்க இடமில்லாமல் போனதால் என் ஒன்றரை வருடம் போயிருக்கிறது. நல்லது.

போன ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போனேன். வீரம்மாக்காவும் வந்தார். சாட்சிக்கு என்று கூப்பிட்டேன், அவர் சண்டைக்கு என்று வந்தார்.

"வாம்மா, ஒக்காரு. பிளேன்டீ சொல்லவா?" என்றார் முதலாளி.

"பிளேன்டீ வேணாங்க. என் பேருதான் வேணும்."

"பேரா? அந்தப் புள்ள நம்பர் கேட்டுச்சு, குடுத்தேன். நானா வந்து ஒன்னயக் கேட்டேன்? வேன்ல வந்த ஆபீசர்மாரு 'உரிமையாளர் யாரு'ன்னாங்க. கடைக்கு நான்தானே உரிமையாளர், ஆமான்னேன். பொறவு பாத்தா சாமானையும் என் பேருலயே எழுதிட்டாங்க."

"அப்பவே சொல்லியிருக்கலாமே, இது அந்தப் புள்ள செஞ்சதுன்னு?"

"சொன்னா? ஒனக்குக் குடுத்திருப்பாங்களா? ஒங்கிட்ட நம்பர் இருக்கா? யாருக்கும் இல்லாம திரும்பிப் போயிருக்கும்."

வீரம்மாக்கா கடையைச் சுற்றிப் பார்த்தார். "அப்ப இந்த ஆணி, பூட்டு, மம்பட்டி எல்லாம் நீங்கதான் கண்டுபுடிச்சீங்களா முதலாளி? கெட்டிக்காரருதான்!" என்றார். சாமான் வாங்க வந்தவர்கள் சிரித்தார்கள். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். நம் தோட்டமே முந்நூறு தாங்கி கேட்டிருக்கிறதாம். கடைக்குப் பின்னால் இரண்டு மெசின் போட்டுத் தைக்கத் தொடங்கிவிட்டார். நான் வந்து தைப்பதென்றால் வேலை தருகிறாராம். என் சாமானை நான் தைக்க எனக்கு வேலை!

ஒன்றை எடுத்துப் புரட்டிப் பார்த்தேன். கொக்கி இல்லை. மலையில் கால் வழுக்கினால் ஒரே இழுப்பில் பாரம் முதுகை விட்டுக் கழன்று விழ வேண்டும், அதற்குத்தான் அந்தக் கொக்கி. கேட்டதற்கு, "அது வேல கூடும்மா" என்றார்.

பரிசோதிக்க வந்தவர்களின் வேன் கடை வாசலில் நாற்பது நிமிடம் நின்றதாம். அன்றைக்கு நான் அதற்கு மேலே உள்ள மலையில்தான் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தேன். வேன் நிற்பதை நானே பார்த்தேன். யாரோ சாமான் வாங்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். உன் அரசாங்கம் எங்களுக்கு உதவ வேண்டுமென்றால் பொன்னாடை வேண்டாம், மேடை வேண்டாம். அந்த வேனிலிருந்து ஒருவர் இறங்கி, அட்டை கடித்தாலும் பரவாயில்லை என்று மலைக்கு ஏறி வந்து, "இதை யாரம்மா செஞ்சது?" என்று கேட்டிருந்தால் போதும். முப்பது பெண்கள் என்னைக் கை காட்டியிருப்பார்கள்.

இப்போது நீ செய்யக்கூடியது ஒன்றுதான். நடந்ததை எழுதி, உன் பெயரில் கையெழுத்துப் போட்டு, மேலிடத்துக்குக் கொடு. நான் சொன்னால், 'லயத்துப் பொம்பளை பொறாமையில் பேசுகிறாள்' என்பார்கள். நீ சொன்னால் கேட்பார்கள்.

ஜெயந்தினி


கந்தப்பளை,
2025 மார்ச் 30

ஜெயந்தினி,

நீ சொன்னது சரி. முழுவதும் சரி. ஆனால் ஒரு விஷயம் உனக்குத் தெரியாது. எங்கள் பிரிவில் இருப்பவர்கள் யாருக்கும் விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. அன்றைக்கே எனக்கு அது தெரியும். என் நியமனம் இன்னும் உறுதியாகவில்லை, செப்டெம்பரில்தான் ஆகும். கையெழுத்துப் போட்டால் வேலை போய்விடும். அப்பா இறந்த பிறகு லயத்தில் அம்மா பெரட்டு வேலைக்குப் போவதை நிறுத்தியது என் சம்பளத்தை நம்பித்தான்.

இங்கே நான் தினமும் பார்ப்பதை உனக்கு எழுதியதில்லை. காலையில் விண்ணப்பங்களை இரண்டாகப் பிரிப்பேன். இலக்கம் உள்ளவை ஒரு பக்கம், இல்லாதவை மறு பக்கம். யோசனை நல்லதா கெட்டதா என்று பார்ப்பது அதற்குப் பிறகுதான். போன மாதம் கந்தப்பளையிலிருந்தே ஒருவர் வந்தார். லீக்ஸ் கழுவுகிற சின்ன மெசின் ஒன்றை அவரே செய்திருக்கிறாராம். போனில் படம் காட்டினார், சைக்கிள் பெடலில் ஓடுகிறது. "நானே யோசிச்சதுங்க மிஸ்" என்றார். கொண்டுவர வேண்டிய ஐந்து பத்திரங்களை எழுதிக் கொடுத்தேன். அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்து, எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார். திரும்பி வரவில்லை. அந்த மனிதருக்கு நான்தான் அரசாங்கம்.

நான் சும்மா இருக்கவில்லை. எல்லாவற்றையும் எழுதி, பெயர் போடாமல், மேலிடத்துக்குத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். எங்கள் அலுவலகம் இருக்கும் நுவரெலியாவில் போடவில்லை, ஹட்டன் வரை போய் அங்கே போட்டேன். தாங்கியைச் செய்தது நீதான் என்று தெளிவாக எழுதியிருக்கிறேன். கட்டாயம் விசாரிப்பார்கள்.

கோபப்படாதே.

நிலக்ஷி


மேல்பிரிவு லயம்,
2025 மே 4

நிலக்ஷி,

விசாரித்தார்கள். இரண்டு பேர் வந்தார்கள். எங்கே போனார்கள் தெரியுமா? கடைக்கு. யாரிடம் கேட்டார்கள் தெரியுமா? பழனியாண்டியிடம். 'பெயரில்லாத முறைப்பாடு, ஏற்றுக்கொள்ள முடியாது' என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்கள்.

மொட்டைக் கடிதத்தை நான்தான் போட்டேன் என்று முதலாளி முடிவு கட்டிவிட்டார். "இனிமே லயத்துக் கடுதாசி எதையும் எங் கடையில வாங்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். ஐம்பது அறுபது குடும்பங்களின் கடிதங்கள், நிலக்ஷி. வங்கிக் கடிதம், கிளினிக் கடிதம், சவூதியிலிருந்து வருகிற கடிதம். இப்போது பீலியடிக்கு நான் போனால் பேச்சு நின்றுவிடுகிறது. "ஒனக்குப் பேரு வேணும்னா எங்க வயித்துலயா அடிப்ப?" என்று ஒருத்தி முகத்துக்கு நேரே கேட்டாள். நான் அந்தக் கடிதத்தை எழுதவில்லை என்று சொல்லவில்லை. சொன்னால் யார் எழுதியது என்று கேட்பார்களே.

இவ்வளவும் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் செவ்வாய்க்கிழமை ஒன்று நடந்தது.

முதலாளி தைத்ததில் முதல் இருபதைத் தோட்டம் மலையில் கொடுத்துப் பார்த்தது. வீரம்மாக்காவுக்கும் ஒன்று. "வேணாங்க்கா, அதுல கொக்கி இல்ல" என்று சொன்னேன். "கங்காணி போடச் சொல்றாருடி, என்னா செய்ய?" என்று போட்டுக்கொண்டார். மழை. பன்னிரண்டாம் நம்பர் மலையில் கால் வழுக்கியது. கூடையைக் கழற்றக் கை பின்னால் போனதை நான் பார்த்தேன். இரண்டு தடவை இழுத்தார். பிறகு கூடையோடு சேர்ந்து கீழே தண்ணீர் ஓடும் கான் வரைக்கும் உருண்டார். டிக்கோயா ஆஸ்பத்திரியில் இருக்கிறார். தோள் எலும்பு முறிந்திருக்கிறது. இனிக் கொழுந்து எடுக்கக் கை வருமோ தெரியாது என்கிறார்கள்.

நான் பார்க்கப் போனபோது, "ஒன் சாமான் மேல தப்பில்லடி" என்று அவர் எனக்கு ஆறுதல் சொன்னார்.

உன் செப்டெம்பர் வரைக்கும் இன்னும் எத்தனை பேர் விழ வேண்டும்?

ஜெயந்தினி


கந்தப்பளை,
2025 மே 18

ஜெயந்தினி,

இன்று டிக்கோயாவுக்குப் போய் வீரம்மாக்காவைப் பார்த்துவிட்டு வருகிறேன். என்னை அடையாளம் கண்டு, "கவருமெந்து வந்திருக்கு, ஒக்காருங்க" என்றார். கேலியாகத்தான் சொன்னார். நான் உட்காரவில்லை.

வெள்ளிக்கிழமையே எழுதிக் கொடுத்துவிட்டேன். விண்ணப்பத்தை நிரப்பியது நான், இலக்கத்தைப் போட்டது நான், உனக்கு அது தெரியாது, தாங்கி உன்னுடையது, கடையில் தைத்ததில் கொக்கி இல்லை என்பதெல்லாம் அதில் இருக்கிறது. மொட்டைக் கடிதம் எழுதியதும் நான்தான் என்று போட்டேன். முழுப் பெயர், பதவி, கையெழுத்து.

எங்கள் மேலதிகாரி அதை இரண்டு தடவை வாசித்தார். "ஒயாட்ட பிஸ்ஸுத?" என்று சிங்களத்தில் கேட்டார். பைத்தியமா உனக்கு என்று. கோபத்தில் இல்லை, நல்ல மனதோடுதான் கேட்டார். திங்கட்கிழமை வரை வைத்திருக்கிறேன், வேண்டுமென்றால் திரும்ப எடுத்துக்கொள் என்றார். தலையை ஆட்டினேன். அதை அவர் சரி என்று எடுத்துக்கொண்டு சிரித்தார். அப்போதுதான் வாயைத் திறந்து, "இல்லை சேர், இன்றைக்கே அனுப்புங்கள்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது.

உன்னையும் விசாரணைக்குக் கூப்பிடுவார்கள். உள்ளதை அப்படியே சொல். என்னைப் பற்றி யோசிக்காதே. அம்மாவிடம் நானே பேசிக்கொள்கிறேன்.

பெப்ரவரியிலேயே இதைச் செய்திருக்க வேண்டும். தெரியும்.

நிலக்ஷி


மேல்பிரிவு லயம்,
2025 ஜூலை 6

நிலக்ஷி,

விசாரணை முடிந்தது. உனக்கு இன்னும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஹட்டனுக்கு வரச் சொன்னார்கள். கொழும்பிலிருந்து வந்த ஒரு மிஸ், தமிழில் சொல்ல ஒருவர். அந்த மிஸ் நல்லவர்தான். எனக்குக் கதிரை தந்தார். உன் கடிதத்தை முழுவதும் வாசித்திருந்தார். நான் கொண்டுபோன எட்டாவது தாங்கியை எழுந்து நின்று தானே போட்டுப் பார்த்தார். கொக்கியை இழுத்து, அது கழன்று விழுந்ததும் சிரித்தார். இது உங்களுடையதுதான் என்று எனக்குத் தெரிகிறது என்றார். இதைக் கேட்கத்தானே ஐந்து மாதம் காத்திருந்தேன்? கண் கலங்கிவிட்டது.

பிறகு விளக்கினார். உன் கடிதத்துக்குச் சாட்சியாக, நீதான் நிரப்பினாய் என்று நான் எழுதிக் கொடுத்தால் உன் வேலை போகும். விண்ணப்பம் இரத்தாகும். பழனியாண்டிக்குக் கொடுத்த உதவிப் பணத்தைத் திரும்ப எடுப்பார்கள். எனக்குத் தர மாட்டார்கள், அதற்குச் சட்டமில்லை. நான் அடுத்த வருடம் புதிதாக விண்ணப்பிக்கலாம்.

"பதிவு இலக்கம் இல்லாம போடலாமாங்க?" என்று கேட்டேன்.

தமிழில் சொன்னவர் அதை மொழிபெயர்க்காமல் என்னையே பார்த்தார். பிறகு சொன்னார். அந்த மிஸ் பேனையை மூடினார். இதை மேலே எழுதுகிறேன் என்றார்.

யோசிக்க வெளியே அனுப்பினார்கள். வாங்குப் பலகையில் பழனியாண்டி உட்கார்ந்திருந்தார். வீரம்மாக்கா விழுந்ததிலிருந்து தோட்டம் அவரிடம் கொக்கி கேட்டு நெருக்குகிறது. எத்தனையோ விதமாக வைத்துப் பார்த்தாராம், பாரம் ஏறினால் இறுகிக்கொள்கிறதாம். "நீ வந்து வச்சுக் குடும்மா. ஆனா கேஸ் நிக்கிற வரைக்கும் ஒன்னய எப்பிடிக் கடைக்குள்ள எடுக்க?" என்றார். அவரும் பயந்துதான் இருந்தார்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். உள்ளதைச் சொன்னால் நீ போவாய், கடையில் தையல் நின்று தாங்கி போகும், முந்நூறு பேர் மறுபடி தலையில் கயிற்றைப் போடுவார்கள், எனக்கும் ஒன்றும் வராது. உரிமை எனக்கில்லை என்று பொய் சொன்னால் கேஸ் அத்தோடு முடியும், நான் மட்டும் போவேன். அரசாங்கம் எனக்குத் தந்த இரண்டு வழியும் இதுதான்.

உள்ளே போய் என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன். 'இந்த விண்ணப்பத்தை நானே நிரப்பினேன். பழனியாண்டி அவர்களின் பதிவு இலக்கத்தை அவருடைய சம்மதத்துடன் நானே போட்டேன். நிலக்ஷி என் மேலுள்ள இரக்கத்தால் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டார். இடுப்புத் தாங்கியில் எனக்கு எந்த உரிமையும் இல்லை.' அந்த மிஸ் இரண்டு தடவை கேட்டார், இது உண்மையா என்று. உண்மை என்றேன். அவர் நம்பவில்லை. ஆனால் வாங்கிக்கொண்டார்.

உனக்காகச் செய்தேன் என்று நினைக்காதே. முந்தின நாள் உன் அம்மா என் வாசலில் வந்து உட்கார்ந்து, உன் பெயரையே எடுக்காமல், என் சுளகை வாங்கி என் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். அவருக்காகவும் இல்லை. கொக்கி இல்லாமல் இன்னொருத்தி உருளுவதை நான் பார்க்கக் கூடாது. அவ்வளவுதான். நாளையிலிருந்து கடைக்குப் போகிறேன். முந்நூற்றுக்கும் கொக்கி வைத்த பிறகு என்ன செய்வேன் என்று தெரியாது.

உன் மேல் உள்ள கோபம் அப்படியேதான் இருக்கிறது. நீ கையெழுத்துப் போட்டதும் எனக்குத் தெரியும். இரண்டும் ஒன்றையொன்று அழிக்கவில்லை. இனி எழுதாதே, நானும் எழுத மாட்டேன்.

இன்னொன்று. என் வாக்குமூலம் விண்ணப்பத்தோடு சேர்த்து வைக்க உங்கள் பிரிவுக்கே திரும்பி வருமாம். வேறு யாரிடமும் கொடுக்காதே. நீயே வாங்கி, முழுவதும் வாசித்து, கோப்பில் போட்டுக் கட்டி, அலுமாரியில் வை.

ஜெயந்தினி